வேதம் என்ற சொல்லும் தத்துவ போதகரும்



தென்மாவட்டங்களில் வயதானவர்கள் இன்னும் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றும், ஆலயத்தை வேதக்கோயில் என்றும் சொல்வதுண்டு. சற்று நின்று யோசித்தால் இது வியப்பான பெயர். ரிக், யசுர், சாமம், அதர்வணம் என்று இந்து சமயத்தார் போற்றிக் காத்துவரும் மறைகளுக்கு உரிய சொல் அல்லவா வேதம்? அது நம் திருநூலுக்கும் நமக்கும் பெயராக எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் நாம் சென்று சேர்வது நம் மயிலாப்பூரில் கண்மூடிய ஒரு குருவானவரிடம். அவர் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தமிழ் மக்களுக்கு அவர் தத்துவ போதகர்.

1577-ஆம் ஆண்டு செப்டம்பரில் உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் இராபர்ட் பெல்லார்மினுக்கு உறவினர். 1605 மே மாதம் கோவா வந்திறங்கி, 1606 நவம்பரில் மதுரை சேர்ந்தார். அங்கே அருள்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் ஏற்கெனவே பத்தாண்டுக்கும் மேலாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர் நல்லவர், உழைப்பாளி. கடற்கரையிலிருந்து வந்த பரதவ கிறிஸ்தவர்களைப் பேணிவந்தார். ஆனால் மதுரை நகரத்தவர் ஒருவரும் அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்றே ஊர் எண்ணியது. பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தும் போர்த்துக்கீசியர்.

நொபிலி காவி உடுத்தினார், ஒருவேளை மரக்கறி உணவோடு நிறுத்திக்கொண்டார், மண்வீட்டில் தனித்து வாழ்ந்தார். இதுவரை நாம் பலமுறை கேட்ட கதைதான். பள்ளிப் புத்தகங்களும் மறைக்கல்வி ஏடுகளும் இந்தக் காவியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அம்மக்களின் சமயத்தைப் பற்றிப் பேசுமுன் அவர்களுடைய நூல்களைப் படிக்க வேண்டும் என்று அவர் உட்கார்ந்ததுதான்.

அது எளிதாக இருக்கவில்லை. நம் திருநூலைக் கேட்பவர் எவருக்கும் கொடுக்கிறோம். வேதங்களின் நிலை அதுவன்று. அவை எழுதிப் படிப்பதற்கானவை அல்ல. குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு, ஒலி பிசகாமல், தலைமுறை தலைமுறையாக வருபவை. பொருளைவிட ஒலிக்கே அங்கு முதலிடம். பூணூல் அணிவிக்கப்பட்டவர்க்கு மட்டுமே ஓதும் உரிமை. மற்றவர் காதில் விழுவதே குற்றம் என்று தரும நூல்கள் விதித்தன. சிவதருமர் என்ற தெலுங்குப் பிராமண அறிஞர் நொபிலிக்கு வடமொழி கற்பித்தார். தண்டனைக்கு அஞ்சிக்கொண்டே, வேதத்தையும் எழுதிக் கொடுக்க முன்வந்தார். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியராக நொபிலியை ஆய்வாளர் கருதுகிறார்கள்.

படித்ததன் பயன் விரைவிலேயே தேவைப்பட்டது. 1610-இல் பெர்னாண்டஸ் அவர்மேல் குற்றச்சாட்டு எழுதி அனுப்பினார். மனந்திரும்பியவர்களைக் குடுமியோடும் பூணூலோடும் இருக்க விடுகிறார், இது சிலைவழிபாட்டின் அடையாளம் என்பது புகார். உறவினரான பெல்லார்மினே முதலில் வருந்திக் கண்டித்து எழுதினார். கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் உறுதியாகத் துணை நின்றார்.

நொபிலியின் பதில் உணர்ச்சிப் பேச்சாக இல்லை. 1613-இல் அவர் இலத்தீனில் எழுதிய நீண்ட அறிக்கையில் மனுவின் தரும நூல் முதலானவற்றையே சான்றுக்கு அழைத்தார். சைவர், வைணவர், ஆன்மா ஒன்றே என்னும் அத்வைதிகள் எனக் கொள்கையில் முரண்படுவோர் எல்லாரும் ஒரே பூணூலை அணிகிறார்கள். அப்படியானால் அது ஒரு தெய்வத்துக்கான அடையாளமாக எப்படி இருக்கும்? அது குலத்தின், கல்வியின் அடையாளம் என்று வாதிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே நின்றனர். வழக்கு உரோமைக்குப் போனது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடவழக்கம் கலவாமல் என்ற நிபந்தனையோடு, அவற்றை அணிய இசைவு அளித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நூல்களின் வழியே ஒரு சமூகத்தைப் பார்த்தால், அந்த நூலை வைத்திருப்பவர் கண்ணால்தான் பார்க்க நேரிடும். மனு சொன்ன குலப்பிரிவை நொபிலி சமூக ஒழுங்கு என்று ஏற்றுக்கொண்டார். வேறு சாதியாருக்கு வேறு குருக்கள் தேவை என்ற நிலை உருவானது. 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற பெயரில் தனிக் குருக்கள் பணியாற்றினர். பின்னாளில் நம் ஆலயங்களுக்குள்ளேயே எழுந்த தடுப்புகளை நாம் அறிவோம். அவற்றுக்கெல்லாம் அவர் ஒருவரே காரணம் என்பது நியாயமன்று. ஆனால் அவருக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மையன்று.

இன்னொரு குறையும் உண்டு. அவர் தேடிய வேதம், மதுரையைச் சுற்றிய ஊர்களில் பெரும்பான்மை மக்களுடைய வழிபாட்டில் இல்லவே இல்லை. மாரியம்மனுக்கும் ஐயனாருக்கும் அவர்கள் எடுத்த விழாவுக்கு ஏடு தேவைப்படவில்லை. உடுக்கையும் பாட்டும் பொங்கலும் நேர்ச்சையுமே அவர்களுக்கு மறை. கோயில்களில் ஓதுவார் பாடிய தேவாரமும், வைணவர் ஓதிய திவ்வியப் பிரபந்தமும் தமிழிலேயே மறையாக மதிக்கப்பட்டன. நம் பழைய புத்தகங்கள் இவர்கள் எல்லாரையும் சேர்த்து அஞ்ஞானிகள் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டன. ஒரு நூலைக் கொண்டு எல்லாரையும் அறிந்துவிட முடியாது என்பது அந்தச் சொல்லில் மறைந்துபோனது.

சொற்களுக்கு வருவோம். போர்த்துக்கீசியச் சொற்களை அப்படியே ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் கோவில், பூசை, அருள், பிரசாதம், குரு என்று மக்கள் அறிந்த சொற்களை நம் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்ற பெருமை நொபிலிக்கு உண்டு. வேதம் அவற்றுள் ஒன்று. ஆனால் இதில் ஒரு துணிச்சலும் இருந்தது. நான்கு வேதங்களுள் வீடுபேறு தரும் ஒன்று தொலைந்துபோனது என்று அவரிடம் சிலர் சொன்னார்கள். அந்தத் தொலைந்த வேதத்தையே தாம் போதிப்பதாக அவர் அறிவித்தார். சத்திய வேதம் என்றார். பவுல் அடியார் ஏதென்ஸ் நகரில் அறியாத தெய்வத்துக்கான பீடத்தைச் சுட்டிப் பேசியது நமக்கு நினைவு வரும். கேட்டவர்களுள் எத்தனை பேர் இதை உவமையாக எடுத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் உள்ளபடியே நம்பினார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

இந்தத் துணிச்சலின் நிழல் நெடுங்காலம் அவர்மேல் விழுந்தது. எசூர்வேதம் என்ற நூல் ஒன்று 1760-இல் பிரெஞ்சு அறிஞர் வோல்த்தேரின் கையில் கிடைத்தது. இந்தியப் பழமறை என்று நம்பி அவர் அதைக் கொண்டாடினார். அது கிறிஸ்தவர் ஒருவர் புனைந்தது என்று தெரிந்தபோது, பழி நொபிலிமேல் போடப்பட்டது. அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. பதில் சொல்ல முடியாது. மாக்ஸ் முல்லர் அந்தப் பழியை மறுத்தார். 1984-இல் லூடோ ரோஷே வெளியிட்ட ஆய்வும் அது பின்னாளில் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டது, நொபிலியுடையதன்று என்று காட்டியது.

அவர் உண்மையில் எழுதியவை ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலிய தமிழ் உரைநடை நூல்கள். வடசொல் மிகுந்த நடை. இன்று படிக்கச் சற்றுக் கடினம். மறுபிறவிக் கொள்கையை மறுத்தும் எழுதினார். மதித்துப் படித்தார் என்பதால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். மறுக்கும்போது எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுத்தார். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவிக்க, இன்னும் மூன்று நூற்றாண்டுகள் இருந்தன.

மதுரை, திருச்சி, சேலம் என்று அலைந்தவர், சிறையும் கண்டார். கண்பார்வை மங்கியது. யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் இருந்தபின் மயிலாப்பூருக்கு வந்தார். சாந்தோம் அப்போது போர்த்துக்கீசியர் நகரம். வசதியான இல்லம் கிடைத்திருக்கும்; அவர் குடிசையையே கேட்டு வாங்கிக்கொண்டார். கீரையும் காய்களுமே உணவு. ஏட்டைக் கண்ணால் பார்க்க முடியாத நிலையில், தம் நூல்களை உடனிருந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திருத்தங்களை வாயால் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். 1656 சனவரி 16 அன்று, 78-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அந்த நூல்களில் பல, 1960-களில் இயேசு சபை அருள்தந்தை ச. இராசமாணிக்கம் தேடியெடுத்துப் பதிப்பித்த பிறகே நம் கைக்கு வந்தன.