கவிஞர் கீட்ஸும் காசநோயும்

லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் போயிருக்கீங்களா? அங்கே தோட்டத்தோடு ஒரு வெள்ளை வீடு இருக்கு. இப்போ அது அருங்காட்சியகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஜான் கீட்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் வாழ்ந்தார்.

கீட்ஸ் 1795-இல் லண்டனில் பிறந்தார். அவருக்கு 8 வயதானபோது அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 14 வயதில் அம்மாவும் காசநோயால் இறந்தார். காசநோயை டி.பி. என்றும் சொல்வாங்க.

கீட்ஸ் லண்டனில் கைஸ் மருத்துவமனையில் படித்தார். ஆனா அவர் மனசெல்லாம் கவிதையில்தான் இருந்தது. அதனால் மருத்துவத்தை விட்டுவிட்டார்.

1818-இல் தம்பி டாமுக்குக் காசநோய் முற்றியது. கீட்ஸ் பக்கத்திலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் டிசம்பரில் டாம் இறந்துவிட்டார். அப்போ டாமுக்கு வயது 19தான்.

இந்த நோய் எப்படிப் பரவுது தெரியுமா? நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமிகள் காற்றில் கலக்கும். மூடிய அறையில் அந்தக் காற்றை நெடுநேரம் சுவாசித்தால் நோய் தொற்றலாம். கை குலுக்கினால் தொற்றாது. கிருமி சிலர் உடம்பில் பல ஆண்டுகள் தூங்கும். விழித்துக்கொண்டால் நுரையீரலை அரிக்கும். இருமலும் காய்ச்சலும் வரும். இரவில் வியர்க்கும். உடம்பு மெலியும்.

கீட்ஸ் காலத்தில் இந்தக் கிருமியை யாரும் பார்த்ததில்லை. தம்பியிடமிருந்தே அவருக்கு நோய் வந்திருக்கலாம்.

1819-இல் அந்த வெள்ளை வீட்டில் இருந்தபோது கீட்ஸ் மிக அழகான கவிதைகளை எழுதினார். 1820 பிப்ரவரியில் ஒரு குளிர் இரவு. இருமினார். படுக்கையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மருத்துவம் படித்தவர் இல்லையா? அது என்ன நோய் என்று உடனே புரிந்துகொண்டார்.

வெயில் உள்ள ஊருக்குப் போனால் குணமாகும் என்று மருத்துவர்கள் நம்பினாங்க. கீட்ஸ் தன் அன்புக்குரியவர்களைப் பிரிந்து, நண்பர் ஒருவரோடு இத்தாலிக்குக் கப்பலேறினார். 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் இறந்தார். வயது 25.

1882-இல் ராபர்ட் கோச் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். பிறகு மருந்துகளும் வந்தன. நோயாளிகள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது எந்த ஊர் தெரியுமா? நம்ம சென்னை! 1950-களில் அங்கே நடந்த ஆய்வு அதைக் காட்டியது.

இப்போ பெரும்பாலும் ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் காசநோய் குணமாகும். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டாக்டரிடம் போகணும். நோய் வந்தவரை ஒதுக்கக்கூடாது. கீட்ஸ் மாதிரி யாரும் வீட்டை விட்டுத் தூரமாகப் போகவும் வேண்டாம்.