மூன்று துளையில் பிறந்த வெளிச்சம்



போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் கேஸ் வாடை அடித்தது. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வந்து பார்க்கட்டும் என்று அம்மா என்னை எழுப்பினாங்க. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மாவுக்கு நினைப்பு. ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வந்த மெக்கானிக் அண்ணன் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி வந்தது. சிலிண்டர் வாயில் இருந்த ரப்பர் வாஷரில் ஒரு கீறல். மாற்றிவிட்டு இரண்டே நிமிடத்தில் போய்விட்டார். எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை.

அந்த வெட்கத்தோடு நூலகத்தில் தேடினேன். கேஸைக் குழாயில் கொண்டுவந்து, வேண்டிய இடத்தில் மட்டும் எரிய வைத்த ஆள் யார்? அப்படிக் கிடைத்தவர்தான் வில்லியம் மர்டாக்.

1754 ஆகஸ்ட் 21-ல் ஸ்காட்லாந்தில் லூகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா மாவு அரைக்கும் ஆலைகளுக்குச் சக்கரமும் பல்சக்கரமும் செய்து மாட்டுகிற தொழிலாளி. மகனும் அதே வேலையைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. 1777-ல், 23 வயதில், ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் கம்பெனியில் வேலை கேட்டு பர்மிங்ஹாமுக்குக் கிளம்பினார். சுமார் 300 மைல். நடந்தே போனார்!

இன்டர்வியூவில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் முன்னால் கூச்சத்தோடு நின்ற மர்டாக், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாராம். அது நழுவித் தரையில் டொக்கென்று விழுந்தது. துணித் தொப்பி சத்தம் போடுமா? விசாரித்தால் அது மரத் தொப்பி. தானே செய்த லேத்தில், நீள்வட்டமாகக் கடைந்தது. வட்டமாகக் கடைவதற்கே நாம் ஒர்க்‌ஷாப்பில் என்ன பாடுபடுகிறோம்! வேலை உடனே கிடைத்தது.

1779-ல் கார்ன்வால் சுரங்கப் பகுதிக்கு எஞ்சின் மாட்ட அனுப்பினார்கள். நீராவி எஞ்சினில் பெரிய தலைவலி கசிவுதான். ஒரு நாள் அவருடைய கருவிப் பையில் நவச்சாரமும் இரும்புத் தூளும் தற்செயலாகக் கலந்து கெட்டியாக இறுகிக் கிடந்ததாம். நாமாக இருந்தால் பையை உதறியிருப்போம். அவர் அந்தக் கலவையையே எஞ்சின் ஜாயின்டுகளின் இடுக்கில் அடைத்தார். இரும்பு சிமெண்ட் அப்படித்தான் கிடைத்தது என்று சொல்கிறார்கள்.

அங்கே ரெட்ரூத் ஊரில் குடியிருந்த வீட்டில்தான் அவருடைய பெரிய வேலை நடந்தது. நிலக்கரியை மூடிய இரும்புப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கினால் எரியக்கூடிய வாயு வரும் என்பது முன்பே சிலருக்குத் தெரியும். ஆனால் அது வீட்டுக்கு உதவ வேண்டுமே! 1792-ல் ஈயம் பூசிய குழாயும் செம்புக் குழாயும் சேர்த்து 70 அடி தூரத்துக்கு வாயுவைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் விளக்கு எரித்தார்.

குழாயைத் திறந்துவிட்டுக் கொளுத்தினால் போதாது. துளை பெரிதாக இருந்தால் கேஸ் வீணாகும், புகையும் கரியும்தான் வரும். ரொம்பச் சின்னதாக இருந்தால் வெளிச்சம் போதாது. மர்டாக் இதைப் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. விதவிதமாக நாசில் செய்து எரித்துப் பார்த்தார். பூவாளி மாதிரி பல துளை போட்டார். நீளமாகக் கீறல் போட்டார். வட்ட வடிவில் வைத்து நடுவில் காற்றுப் போக விட்டார். தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டுகிற உலோகத் தொப்பியில் ஓட்டை போட்டுக் குழாய் முனையில் செருகினார் என்றுகூட ஒரு கதை உண்டு. தோல் பையிலும் மாட்டின் சவ்வுப் பையிலும் கேஸை நிரப்பி, குழாய் வைத்துக் கொளுத்தி, அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போகவும் முடிந்தது. யோசித்துப் பார்த்தால் நம்ம சிலிண்டருக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி!

கடைசியில் நிலைத்தது ஒரு சின்னக் குழாய். வளைந்த குழாய், கூம்பு முனை. முனையில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று துளை. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.85 மில்லிமீட்டர். பார்க்கச் சேவலின் கால்முள் போல இருந்ததால் தொழிலாளிகள் அதற்குச் சேவல்முள் பர்னர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1805-ல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஃபிலிப்ஸ் அண்ட் லீ பஞ்சாலைக்கு கேஸ் விளக்கு போடத் தொடங்கினார். மொத்தம் 904 பர்னர். அதில் 633 இந்தச் சேவல்முள். முன்பு மெழுகுவர்த்திக்கு வருஷம் 2,000 பவுன் ஆகும்; கேஸுக்கு 600 பவுன்தான் ஆனது. பஞ்சு பறக்கிற ஆலையில் மெழுகுவர்த்திப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பயமும் குறைந்தது. 1808-ல் இந்தக் கணக்கையெல்லாம் கட்டுரையாக எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது. ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு, நண்பர்களே!

ஒரு வருத்தமும் உண்டு. கேஸ் விளக்குக்கு அவர் பேடன்ட் வாங்கவில்லை. கம்பெனி அப்போது தன் எஞ்சின் பேடன்ட் வழக்குகளிலேயே மூழ்கிக் கிடந்தது. ஊக்கம் கொடுக்க ஆளில்லை. 1812-ல் லண்டனுக்கு கேஸ் கம்பெனி வந்தபோது அதைக் கிளப்பியவர் வின்ஸர் என்ற வேறொருவர். ஆனாலும் மர்டாக் ஒடிந்துபோகவில்லை. சொந்த வீடு கட்டி வசதியாகவே வாழ்ந்து, 1839 நவம்பர் 15-ல் காலமானார். பர்மிங்ஹாமில் 1956-ல் வைத்த சிலையில் போல்டன், வாட் இருவரோடு சரிசமமாக நிற்கிறார்.

அந்தக் காலத்து நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அதற்கு இயல்பாகவே நாற்றம் உண்டு. நம்ம எல்.பி.ஜி.க்குச் சொந்த வாடையே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலக்கிறார்கள். சிலிண்டருக்குள் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம். அதை ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 30 கிராம் அளவுக்கு இறக்கித் தருகிறது. அதற்குப் பிறகு அடுப்புக்குள் இருக்கும் பித்தளை ஜெட்டின் ஒற்றைத் துளைதான் சுடரின் அளவை முடிவு செய்கிறது. ஒரு துளையைச் சரியாகப் போடுவதும், மற்ற துளை எல்லாவற்றையும் சரியாக அடைப்பதும்தான் கேஸ் வேலை. இரண்டையும் செய்து காட்டியவர் மர்டாக்.

டிப்ளமோதானே என்று நம்மைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படிச் சில நாள் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை. மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரும் கையுமாக எங்கள் வீட்டு சிலிண்டர் முன் உட்காருகிறேன். அம்மா நிம்மதியாகச் சமைக்கிறாங்க. உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள் நண்பர்களே. படிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்!

— இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்