'மாண்டிசோரி ஸ்கூல்' தெரியும்... யார் அந்த மாண்டிசோரி? அடையாறில் முடங்கிய இத்தாலி டாக்டரின் கதை!

உங்க ஏரியாவிலும் ஒரு மாண்டிசோரி ஸ்கூல் போர்டு இருக்கும். அது ஏதோ கம்பெனி பெயர்னு நினைச்சிருந்தா, இல்லை. அது ஒரு பெண்ணின் பெயர்.

மரியா மாண்டிசோரி 1870-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் படித்து டாக்டர் ஆனார். ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தைப் பார்க்கக் கூடாதாம். அதனால் எல்லோரும் போன பிறகு தனியாக நின்று உடற்கூறு பயின்றார்.

1898-ல் மகன் மரியோ பிறந்தான். மாண்டிசோரிக்குத் திருமணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலையே போய்விடும். குழந்தையை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார், அம்மா என்று சொல்லாமலே.

1907-ல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் ஒரு பிரச்னை. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கி, படிக்கட்டை நாசம் செய்தார்கள். கட்டட நிர்வாகம் இவரைக் கூப்பிட்டது. அவர் பாடம் நடத்தவில்லை, கவனித்தார். பிள்ளைகள் உயரத்துக்கு மேஜை, நாற்காலி போட்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் சொன்னார். பொம்மைகளை விட்டுவிட்டு பிள்ளைகள் இந்தப் பொருட்களைத்தான் தேடினார்கள். நாலைந்து வயதிலேயே எழுதவும் ஆரம்பித்தார்கள். எதைச் செய்வது, எவ்வளவு நேரம் என்பது குழந்தையின் இஷ்டம். இன்றும் அந்த முறையின் அடிப்படை இதுதான்.

உலகமே அவரைத் தேடி வந்தது. மரியோவும் டீன் ஏஜில் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். ஆனாலும் பல வருடம் வெளியே மகன் என்று சொல்லவில்லை. முசோலினி முதலில் ஆதரித்தார். ஒத்துப்போகாததால் 1930-களில் பள்ளிகளை மூடினார்.

1939-ல் பிரம்மஞான சபை அழைப்பில் இருவரும் சென்னை அடையாறு வந்தார்கள். சில மாதப் பயிற்சி வகுப்புதான் பிளான். 1940-ல் இத்தாலி போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள். மரியோ முகாமில் அடைக்கப்பட்டார், அம்மா சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது. வருடக்கணக்கில் மறைத்து வைத்த பிள்ளையை இப்போது அரசு பிரித்தது. அவருடைய 70-வது பிறந்தநாளன்றுதான் மரியோவை விட்டார்கள்.

பிறகு கொடைக்கானல். அங்கே 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான கல்வியை அம்மாவும் மகனும் சேர்ந்து வளர்த்தெடுத்தார்கள்.

1952-ல் நெதர்லாந்தில் மாண்டிசோரி இறந்தார். அவர் தொடங்கிய சர்வதேச அமைப்பை அதன்பின் நடத்தியவர், மரியோ.