கிறீன் வைத்தியரும் தாய்மார் தமிழும்

நோயாளர் எல்லாருள்ளும் தன் நோயைத் தானே எடுத்துரைக்க மாட்டாதது குழந்தை. அழும், பாலை மறுக்கும், கண் சொருகிக் கிடக்கும். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று அது கூறாது. அதற்காகப் பேசுபவள் தாய். தாய் பேசுவது அவள் பிறந்த ஊரின் பேச்சு. ஆதலின், குழந்தைக்கு மருந்து கொடுக்க முற்படுபவர் எத்துணை நூல் கற்றவராயினும், அத்தாயின் மொழியை அறியாராயின் அவர் கல்வி வாசற்படியிலேயே நின்றுவிடும். இந்த உண்மையை யாழ்ப்பாண மண்ணில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணி செய்து உணர்ந்து, அதன் எல்லைவரை நடந்து காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய் மக்கள் அவரைக் கிறீன் வைத்தியர் என்றே சொல்லிப் பழகினர்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் திகதி, அமெரிக்காவிலே மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. ஒருவர் பரந்த கடலுக்கு அப்பால் பிறந்து ஈண்டு வந்தவர். மற்றவர் இம்மண்ணின் மைந்தர். சமயத்திலே இருவரும் எதிரெதிர் நின்றவர். ஆயினும், தமிழ் உரைநடை எதையும் தாங்கவல்லது என்று நம்பி, அந்நம்பிக்கைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டமையில் இருவரும் ஒரு நிரையில் வைத்து எண்ணத்தக்கவர் என்பது என் கருத்து.

கிறீனின் தந்தையார் வழக்கறிஞர். பிள்ளைகள் பலர் பிறந்த பெரிய குடும்பம் அது. தாயாரைக் கிறீன் இளமையிலேயே இழந்தார். அவருக்கு மூத்தவராகிய அந்துரு கிறீன் பிற்காலத்திலே நியூயோர்க் மாநகரின் பெரும்பூங்காவை அமைப்பித்தவர்களுள் ஒருவராகி, அந்நகரின் தந்தையர் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். தம்பியும் நியூயோர்க்குக்கே போனார். அங்கே முதலிற் கிடைத்தது திருச்சபை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. மிசன் ஊழியம்பற்றிய கடிதங்களும் கணக்குகளும் அவர் கைகளில் நாள்தோறும் புரண்டன. எழுத்தராயிருந்த அவ்விளைஞர் மருத்துவம் பயில முனைந்து, அந்நகரத்து மருத்துவர் சத்திரவைத்தியர் கல்லூரியிற் கற்று, 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் கப்பலேறி, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் யாழ்ப்பாணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25. வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கியபின், 1848இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கினார்.

மிசன் வைத்தியருள் அவர் முதல்வரல்லர். 1820ஆம் ஆண்டளவிலேயே யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் பேர்த்தியாரே பிற்காலத்தில் வேலூரிலே புகழ்பெற்ற வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர். அவருக்குப்பின் நேதன் உவாட் என்பவர் பணி செய்து சென்றார். முன்னவர் செய்த தொண்டைத் தொடர்வதே கிறீனுக்கு இட்ட வேலை. அவரோ அத்தோடு நின்றாரல்லர். நோயாளரின் தொகையோ பெரிது, வைத்தியரோ ஒருவர். இதற்கு ஒரே வழி இவ்வூர் இளைஞரையே வைத்தியராக்குதல் என்று கண்டார். 1848இலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆண்டும் அதுவே.

இவ்விடத்தில் அக்காலத்து மருத்துவ உலகைச் சற்று நோக்குதல் வேண்டும். கிறீன் பட்டம் பெற்ற நாளில் குழந்தை வைத்தியம் என்று தனித்துறை ஒன்று அவருடைய நாட்டில் இருக்கவில்லை. பாரிஸ் நகரில் 1802இலேயே குழந்தைகளுக்கென வைத்தியசாலை ஏற்பட்டதாயினும், இலண்டன் மாநகரம் அத்தகைய ஒன்றைக் கண்டது 1852இல்; அமெரிக்காவின் பிலடெல்பியா கண்டது 1855இல். யேர்மனியிலே புரட்சியிற் சேர்ந்து சிறையிருந்து, 1853இல் நியூயோர்க்குக்கு வந்து சேர்ந்த ஆபிரகாம் யக்கோபி என்னும் வைத்தியர், 1860இல் அந்நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றிற் குழந்தை நோய்களைக் கற்பிக்கும் பேராசிரியரானார். அவரையே அந்நாட்டார் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்பர். பிறர் மக்களுக்காக உழைத்த அவர், தம் மகனைத் தொண்டையடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார் என்பது கல்நெஞ்சையும் உருக்கும் செய்தி. அதற்கு முன்னெல்லாம் பச்சிளங்குழந்தையின் நலம் பிரசவ நூலின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட்டது. தாயும் சேயும் ஒரே நூலில் அடங்கியிருந்தனர்.

யாழ்ப்பாணத்து நிலையோ வேறு. அரசர் காலத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்திலே பாலரோக நிதானம் ஒரு தனிப்பகுதி. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் பிற்காலத்தில் அந்நூற் பகுதிகளைத் தேடி அச்சேற்றியிராவிடின், அவற்றுட் பல நமக்குக் கிடைத்திரா. மாந்தம், கணை, கரப்பன், செவ்வாப்பு என நம் தாய்மார் இன்றும் கூறும் பெயர்கள் நூல்வழக்கிலும் உலகவழக்கிலும் ஒருங்கே வாழ்ந்தவை. குழந்தையை மடியிற் கிடத்தி ஒரு தாய் மாந்தம் என்று சொல்லும்போது, அச்சொல்லினுள்ளே வயிறு, மலம், காய்ச்சல், உறக்கமின்மை ஆகிய பலவும் அடங்கிக் கிடக்கும். நியூயோர்க்கிற் கற்று வந்தவருக்கு அச்சொல் வெறும் ஒலி. அதனைப் பொருளாக்கிக் கொள்ளும்வரை அவர் கையிலிருந்த மருந்துப் புட்டிகளாற் பயன் சிறிதே.

கிறீன் தமிழைக் கற்றார். பேசும் அளவிற் கற்றதோடு அமையாமல், நூல் செய்யும் அளவுக்குக் கற்றார். கற்றற்கு மானிப்பாய் தகுந்த இடமுமாயிற்று. சொற்களை அகரவரிசையில் நிரைத்த மானிப்பாய் அகராதி 1842இலேயே அங்கு வெளிவந்திருந்தது. உதயதாரகைப் பத்திரிகை 1841 முதல் நடந்துவந்தது. உடுவிலிலே பெண்பிள்ளைகள் 1824 முதல் விடுதியிலிருந்து கற்றுவந்தனர். இத்தகைய சூழலில் 1852இல் கிறீனின் முதல் மருத்துவ நூல் தமிழில் வந்தது. கல்வின் கட்டர் என்பவர் பள்ளி மாணவர்க்கென எழுதிய உடற்கூற்று நூலின் தமிழாக்கம் அது. அடுத்து 1857இல் வந்தது பிரசவ வைத்தியம். மோன்செல் என்னும் ஐரிஷ் வைத்தியரின் நூலைத் தழுவியது.

இரண்டாவதாக அவர் கையெடுத்த நூல் எது என்பதை வாசகர் கருதிப் பார்க்க வேண்டும். அறுவை வைத்தியமும் பொது வைத்தியமும் காத்திருக்க, பிரசவ நூல் முந்திக்கொண்டது. பிரசவ அறைக்குள் அந்நிய ஆடவர் காலடி வைத்தல் அக்காலத்தில் எளிதன்று. அங்கே ஆட்சி செலுத்தியவள் மருத்துவிச்சி. அவள் கைமீறிப்போன பின்னரே வைத்தியருக்கு ஆள் போகும்; ஆள் போய் அவர் வரும்போது காலம் கடந்திருக்கும். தாயையும் சேயையும் காக்கும் அறிவு அவ்வறைக்குள் புக வேண்டுமாயின், அது தமிழிலே எழுதப்பட்டு, ஊர்ப்பிள்ளைகள் கையில் இருத்தல் வேண்டும். நூல்களின் வரிசையைக் கொண்டு நான் ஊகிக்கும் காரணம் இதுவே.

பத்தாண்டுப் பணியின்பின் உடல் தளர்ந்து தாய்நாடு சென்ற கிறீன், 1862இல் மார்கிறற் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே அவருடன் யாழ்ப்பாணம் மீண்டார். மானிப்பாயிலே அவருக்கு மக்கள் பிறந்தனர். அக்காலத்திலேதான் அவர் தம் வாழ்வின் துணிவு மிக்க செயலைச் செய்தார். 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போயினர் என்பதையும், தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்கி ஊரவரைப் பார்ப்பர் என்பதையும் அவர் கணித்திருந்தார். தம் மாணாக்கர் சமயத்தால் மாறினும் உடையாலும் நடையாலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. மேலைநாட்டு உடை பூணுதலை அவர் விரும்பவில்லை.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம். மனுஷ அங்காதிபாதம் என்பது கிறே என்பவரின் உடற்கூற்று நூல். ஆங்கில மூலம் முதன்முதலாக வெளிவந்தது 1858இல். இலண்டனில் அச்சான அப்பெருநூல் 14 ஆண்டுகளுள் தமிழ் பேசிற்று. இவ்வுழைப்பில் அவருக்குத் தோள் கொடுத்தவர் டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய அவர் மாணாக்கர். ஆசிரியரும் மாணாக்கரும் கூடியிருந்து சொல் தேடிய அவ்விடத்தை ஒரு சங்கம் எனினும் தகும்.

சொல்லாக்கத்திலே அவர் கைக்கொண்ட முறை எளியது. தமிழிற் சொல் உண்டோ என்று முதலிற் பார்ப்பது. இல்லையேல் வடமொழியிற் பெறுவது. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைத்து எழுதுவது. கெமிஸ்தம் மூன்றாம் வழியிற் பிறந்தது. வைத்தியாகரம் இரண்டாம் வழி. வைத்தியத்துக்கு ஆகரம், அஃதாவது உறைவிடம் என்பது பொருள். இன்றைய தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொற்களுட் சில கரடுமுரடாகவே படுகின்றன. வடசொற் கலப்பு மிகுதி. தொடர்கள் நீண்டு மூச்சு முட்டச் செய்யும். ஆயினும், நாம் கலைச்சொற் கழகங்கள் கூட்டி வாதிட்டு வகுப்பதை, அகராதி ஒன்றும் சில மாணாக்கரும் துணையாகக் கொண்டு ஒருவர் செய்தார் எனின், குறைகாணும் நாவு தானே அடங்கும்.

கிறீனிடம் கற்றுத் தேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் குடாநாட்டை வாட்டியபோது அவரும் அவர் மாணாக்கரும் ஊரூராகப் பணி செய்தனர்.

அவர் இங்கு வந்த நோக்கம் யாது என்பதை மறைத்தல் முறையன்று. மருந்தின் வழியாகக் கிறிஸ்து சமயத்தைப் பரப்பவே அவர் வந்தார். அதனை அவரும் மறைத்தாரல்லர். யாழ்ப்பாணத்தாரோ அவர் தந்த மருந்தை ஏற்றனர். பெரும்பாலோர் தம் சமயத்தை விட்டாரல்லர். நாவலர் நின்ற மண் அது. தம் சமயத்தை ஏற்க மறுத்தவரின் குழந்தைக்கும் மருந்து கொடுத்த கையும், அவர் சமயத்தை மறுத்துக்கொண்டே அவர் கையிற் குழந்தையைக் கொடுத்த தாயும் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்திருந்தனர்.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார், மீண்டாரில்லை. ஊஸ்டரிலிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி அவர் மறைந்தார். தம் கல்லறையிலே தமிழருக்குரிய மருத்துவ ஊழியன் என்னும் பொருள்படப் பொறிக்குமாறு அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழ் ஒலி கேளாத ஓர் ஊரில், தமிழர் பெயரைத் தலைமேற் சுமந்து அக்கல் நிற்கிறது.

அவருக்குப்பின் என்ன ஆயிற்று? 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு தேய்ந்து மறைந்தது. வைத்தியத் தொண்டு மறையவில்லை. 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் பெயராலே நின்றது. நூல்கள்மட்டும் தூசி படிந்து நூலகங்களில் உறங்கின. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமே.

என்னிடம் தமிழ் பயின்ற பிள்ளைகள் சிலர் மருத்துவபீடம் புகுந்துள்ளனர். அவர்கள் ஆங்கிலத்திற் கற்பதை நான் குறை கூறேன். உலக அறிவு வரும் வாயில் அது. அவர்களுக்கு நான் சொல்லி வருவது ஒன்றே. நூலை எம்மொழியிற் கற்பினும், குழந்தையின் நோயைக் கேட்பது தமிழிலேதான். பதறி வரும் ஒரு தாய் மாந்தம் என்கிறாளோ, இழுப்பு என்கிறாளோ, அச்சொல்லை எள்ளி ஒதுக்காமல் அதனுள் என்ன இருக்கிறது என்று பொறுமையோடு விரித்துக் கேட்பவனே அக்குழந்தைக்கு வைத்தியன். கேட்டபின், நோய் இன்னது, மருந்தை இவ்வாறு கொடு, இன்ன குறி கண்டால் உடனே கொண்டு வா என்று அத்தாய் வீடு சென்றும் மறவாத தமிழிற் சொல்லவும் வேண்டும். அச்சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

இதனைக் கடல் கடந்து வந்த ஒருவர் 25 வயதிற் கற்கத் தொடங்கி, இறக்கும்வரை கற்றார். இம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகிய நம் பிள்ளைகளுக்கு அது அரிதாதல் கூடாது. கிறீனின் நூல்கள் இன்று மருத்துவம் பயிலுதற்கு உதவா. அவற்றிலுள்ள அறிவு பழையதாயிற்று. தமிழாசிரியரும் மருத்துவ மாணவரும் ஒருமுறையேனும் அவற்றைக் கையிலெடுத்துச் சில பக்கங்களைக் கூடியிருந்து படித்தல் நன்று. தாயின் சொல்லுக்கும் நூலின் சொல்லுக்கும் இடையே பாலம் அமைத்தல் இயலும் என்பதற்கு அவை இன்றும் சான்றாக உள்ளன.