இருதயத்துக்கு வழி கண்ட வெர்னர் ஃபோர்ஸ்மன்

ஆஞ்சியோகிராம் என்றதும் அஞ்சி, மருத்துவர் விதித்த பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெரியோர் நம் காலனியிலும் உளர். கைத் தமனியிலோ தொடைத் தமனியிலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைப் பாய்ச்சி, இருதய இரத்தக் குழாய்களின் அடைப்பைக் காணும் முறை அது. அதற்கு அடிகோலிய வெர்னர் ஃபோர்ஸ்மனின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

1904-இல் பெர்லினில் பிறந்த அவர், முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். மருத்துவம் பயின்று, 1929-இல் எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியேற்றார். இருதயத்தைக் குழாய் தீண்டினால் மரணமே என்று பலரும் அஞ்சிய காலம் அது. கைச் சிரை வழியே சென்றால் மார்பைத் திறவாமலே இருதயத்தை அடையலாம் என்று அவர் எண்ணினார். தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார்.

கருவிகளுக்குப் பொறுப்பான தாதி கெர்டா டிட்சனை அவர் நாடினார். சோதனையைத் தம்மீதே செய்யுமாறு அம்மாது இசைந்தார். அவரை மேசையில் கிடத்திக் கட்டிவிட்டு, ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரையைக் கீறி, ரப்பர் குழாயைச் செலுத்தினார்! பின்னர்த் தாதியை விடுவித்து, எக்ஸ்-ரே அறைக்குப் படியிறங்கி நடந்தார். 65 சென்டிமீட்டர் உட்சென்ற குழாயின் முனை இருதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படம் காட்டியது.

பாராட்டுக்குப் பதில் ஏளனமே கிட்டியது. பெர்லினில் பெற்ற வேலையும் போயிற்று. அவர் சிறுநீரக மருத்துவரானார். 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தமை அவர் வாழ்வின் களங்கம். அதை நாம் மறைத்தலாகாது. போரில் இராணுவ மருத்துவராகி, கைதியுமானார்.

இதற்கிடையே நியூயார்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அவர் காட்டிய வழியை வளர்த்தனர். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்போது ஃபோர்ஸ்மன் பாட் கிராய்ட்ஸ்நாக் என்னும் ஊரில் சிறுநீரக மருத்துவராகவே இருந்தார். 1977-இல் சூரிச் நகரில் குருயென்ட்சிக் என்பார், குழாய் முனையில் பொருத்திய சிறு பலூனால் இருதயத் தமனியின் அடைப்பை விரித்தார். படம் காட்டிய குழாய் சிகிச்சையும் செய்யலாயிற்று. அதையும் காணும் வரை வாழ்ந்து, 1979-இல் ஃபோர்ஸ்மன் மறைந்தார்.

பரிசோதனை மேசையில் படுக்கும் வேளையில் நமக்கு அச்சம் எழுவது இயல்பே. ஆயினும் அவ்வச்சத்தை முதலில் தம் உடம்பில் தாங்கியவர் ஒரு மருத்துவரே என்பதை நினைவிற் கொள்வோம். விதித்த பரிசோதனையைக் காலந்தாழ்த்தாது செய்துகொள்வோம்.