தாமஸ் கர்ட்டின்: வண்ணம் தொடாத வெண்மை

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிறக்கும் டா ஆறு, வடக்கே பாய்ந்து, பார்ன்ஸ்டபிள் நகரைக் கடந்து கடலை அடைகிறது. அந்த ஆற்றுமுகத்தை 1801ஆம் ஆண்டளவில் நீர்வண்ணத்தில் தீட்டினார் தாமஸ் கர்ட்டின். மறு ஆண்டே அவர் மறைந்தார், அகவை 27.

1775இல் இலண்டனின் சதர்க் பகுதியில், தூரிகை செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கர்ட்டின், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1789இல் எட்வர்ட் டேய்ஸ் என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னர், மருத்துவர் மன்ரோவின் இல்லத்தில், தம் வயதொத்த டர்னருடன் அமர்ந்து, ஜான் ராபர்ட் கோசன்ஸின் படைப்புகளை மாலைதோறும் படியெடுத்தார். கோடுகள் கர்ட்டினுடையவை, அவற்றின்மேல் வண்ணம் தோய்ப்பது டர்னரின் பணி.

அந்நாளில் நீர்வண்ணம் எண்ணெய் வண்ணத்திற்கு ஏவல் செய்யும் கலையாகவே கருதப்பட்டது. கோட்டையையும் தேவாலயத்தையும் வரைந்து, சாம்பல் நிறத்தால் நிழலிட்டு, அதன்மேல் மெல்லிய நிறம் ஏற்றுவதே மரபு. கர்ட்டின் அச்சாம்பல் அடித்தளத்தைக் கைவிட்டார். சொரசொரப்பான தாளில் ஒளியையும் நிழலையும் வண்ணத்தாலேயே எழுப்பினார். டா ஓவியத்தில் பாடுபொருளாவன நீரும் தாழ்ந்த நிலமும் வானுமே. 1800இல் தேம்ஸ் ஆற்றங்கரையை அந்திப்பொழுதில் தீட்டியபோது, தொலைவில் தெரியும் வெள்ளை வீட்டிற்கு அவர் வண்ணமே இடவில்லை. வெறுந்தாளே அங்கு ஒளியாயிற்று. சொல்லாமல் விட்ட இடத்தில் கவிதை நிற்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

ஆயினும் ஓவியரைக் காலம் விரட்டியது. 1800இல் மணம் புரிந்தார். சுவாச நோய் வாட்ட, 1801இன் இறுதியில் பாரிசுக்குச் சென்று, 1802 மே மாதம் திரும்பினார். அவ்வாண்டே, காண்போர் நடுவில் நின்று சுற்றிலும் நோக்குமாறு, 100 அடிக்கும் மேற்பட்ட நீளத்தில் இலண்டன் மாநகரை வட்டக்காட்சியாகத் தீட்டி மக்கள் முன் வைத்தார். அது காட்சியில் இருந்தபோதே, நவம்பர் 9ஆம் நாள், உயிர் நீத்தார். டர்னரோ 1851வரை வாழ்ந்தார்.

பேருருவான அந்த வட்டக்காட்சி இன்றில்லை. அவருடைய நீர்வண்ணங்கள் பலவற்றிலும் நீலம் வெளிறிவிட்டது. டா ஆற்றின் சிறு தாள் மட்டும் கடல் கடந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலை மையத்தில் காக்கப்பட்டு வருகிறது. இருபத்தேழு ஆண்டுகளே வாய்த்த ஒருவர், அதில் ஆற்றை அவசரமின்றிக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்.