வேலூர் கண்ட மருத்துவ அன்னை
டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மிடம் அண்டை வீட்டார் வழி விசாரிக்கும் தமிழ் ஊர்கள் சிலவே. கோயில்களைத் தரிசிக்க விழைவோர் மதுரையையும் இராமேசுவரத்தையும் கேட்பர். வீட்டில் நோயாளரை வைத்துக் கலங்கி நிற்போர் வேலூரைக் கேட்பர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் புறப்பட்டுக் காட்பாடி நிலையத்தில் வந்திறங்கும் நோயாளர் பலர். கோட்டையும் அகழியும், பெரும்பாலும் வறண்டு கிடக்கும் பாலாறும், வெயிலில் காயும் குன்றுகளும் உடைய அவ்வூர், நாடு முழுவதும் அறிந்த மருத்துவத் தலமானது எவ்வாறு? அவ்வரலாற்றை நாடிச் செல்வோமாயின் ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் போய் நிற்போம்.

ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் சமயப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றியவர்கள். எனினும் இளமையில் ஐடாவுக்கு இந்நாட்டில் தங்கும் விருப்பம் இல்லை. சிறுமியாக இருந்தபோது கண்ட தாது வருடப் பஞ்சத்தின் கொடுமை அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்றவர், 1890ஆம் ஆண்டில் தாயாரின் உடல்நலக் குறைவை முன்னிட்டே திண்டிவனத்திற்கு வந்தார். விரைவில் திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

அங்கே ஓரிரவில் அவர் வாழ்வின் போக்கு மாறிற்று. முதலில் ஓர் அந்தணர் வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் இளம் மனைவியைக் காக்க வருமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையாரே மருத்துவர் என்று ஐடா விளக்கினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காண்பதற்கு வழக்கம் இடந்தராது என்று வந்தவர் திரும்பிவிட்டார். அதன்பின் ஓர் இசுலாமியரும், மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து அதே காரணத்தால் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது. அவர்களைக் காக்கவல்ல மருத்துவம் அடுத்த வீட்டிலேயே இருந்தது. அதைக் கொண்டு செல்லத்தக்க பெண்தான் இல்லை. அந்தப் பெண் தாமாக வேண்டும் என்று ஐடா உறுதி பூண்டார்.

மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். பெண்களை மாணவியராக ஏற்ற அக்கல்லூரியிலிருந்து முதன்முதல் தேறி வெளிவந்த பெண்டிருள் அவரும் ஒருவர். ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அந்நிதியுடன் 1900இல் அம்மையார் வேலூர் வந்தார். தந்தையார் அவ்வாண்டிலேயே மறைந்தார். துணை நின்று வழிகாட்ட ஒருவரும் இன்றித் தம் இல்லத்தின் ஒரு சிற்றறையிலே, ஒரே கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். சலோமி என்ற உள்ளூர்ப் பெண்மணியைப் பழக்கி உதவிக்கு அமர்த்திக்கொண்டார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாதாரை நாடி அவரே சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் செல்லும் சாலையில் பயணம் செய்து, மரநிழல்களில் நின்று மருந்து கொடுத்தார். ஆயினும் எத்தனை சாலைகளில்தான் ஒருவர் செல்லக்கூடும்? ஒரு மருத்துவர் இருப்பது ஓர் ஊருக்கும் போதாது, அவர் பலரை ஆக்கினால் நாட்டிற்கே பயன்படும் என்பதை அம்மையார் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியும் நிறுவினார். விண்ணப்பங்கள் மூன்று வந்தாலே அரிது என்று அதிகாரிகள் ஐயுற்றனர். முதலாண்டிலேயே 151 பெண்கள் விண்ணப்பித்தனர்!

பெருஞ்சோதனை 1938இல் வந்தது. பல்கலைக்கழகப் பட்டத்திற்குக் குறைந்த மருத்துவப் படிப்புகளை நிறுத்துவதென்று சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. பட்டக் கல்லூரியாக உயர்த்துவதற்கோ பேராசிரியர்களும் கட்டிடங்களும் பெரும் பொருளும் வேண்டும். வயது எழுபதைக் கடந்த நிலையில் அம்மையார் 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். கல்லூரி நிலைக்க வேண்டுமானால் ஆடவரையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கெனத் தோன்றியதை மாற்றலாகாது என்று, நெடுங்காலம் துணைநின்ற அன்பர் சிலரே எதிர்த்தனர். அவர்தம் மனம் நோகுமென அறிந்தும் அம்மையார் மாற்றத்திற்கு இசைந்தார். பெண்டிரின் உயிரைக் காக்கத் தோன்றிய கல்லூரி அழிந்தொழியின் அப்பெண்டிருக்கே இழப்பன்றோ? 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று, 1947இல் ஆடவரும் சேர்ந்தனர்.

1946இல் அம்மையார் ஓய்வு பெற்றார். அவர் விலகியபின் பணி தளரவில்லை. தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தை டாக்டர் பால் பிராண்டு 1948இல் அங்குச் செய்தார். இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே தொடங்கினார். டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் நிறுவனத்தின் தலைமையை ஏற்றுத் திறம்பட நடத்தினார். இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்ட ஐடா அம்மையார், 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கொடைக்கானலில், தம் 89ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கென மக்கட்பேறு இல்லை. ஆனால் அவர் பயிற்றிய மருத்துவரும் செவிலியரும், அவர்கள் பயிற்றியோரும், இந்நாட்டின் மூலைமுடுக்குகளில் பரவியுள்ளனர். நாம் குடியேறி வாழும் ஊர்களிலும் அன்னாருள் ஒருவர் கையால் பிறந்த குழந்தைகள் இருத்தல் கூடும். சங்கமாயினும் பள்ளியாயினும் ஒன்றைத் தோற்றுவிப்போர், தமக்குப் பின் அதை ஏற்று நடத்த எவரை ஆயத்தம் செய்தோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவ்வினாவிற்கு அம்மையாரின் விடை வேலூரிலே இன்றும் நோயாளர்க்குப் பணி செய்துகொண்டிருக்கிறது.